மருந்து என்ற கட்டத்தில்

எருத்தேம்பதியில் தண்ணீர் ஆயிரம் அடிக்குக் கீழே.
கிட்டுச்சாமியின் தோப்புக்கு நான் போன அன்று
மட்டையெல்லாம்
கரிச்சட்டி துடைத்த துணி.
ஊடே நின்ற வாழையிலும்
கைவைத்தால் விரல் கருத்தது.

"இந்தக் கருப்புக்கு ஒரு மருந்து எழுதிக் குடுங்க மேடம்."

கருப்பு நோயில்லை என்றேன்.
மட்டையைத் திருப்பிக் காட்டினேன்:
அடியில் சுருள் சுருளாய்
வெள்ளை கிறுக்கி வைத்திருக்கும் ஈ.
அது சொட்டும் பிசுக்கில் முளைப்பதுதான் இந்தக் கரி.
வெள்ளைதான் கருப்பைப் பெற்றது என்றால்
யார் நம்புவார்கள்?
அவர் வாழையிலையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாலக்காட்டிலிருந்து வந்த சுற்றறிக்கை
மலையாளத்தில் பதினோரு வரி.
அதைத் தமிழில் சொல்வது
என் வேலைப் பட்டியலில் எழுதப்படாத வேலை.
ஒன்பது வரி சுலபம்.
மஞ்சள் தாளில் விளக்கெண்ணெய் தடவி
மரத்துக்கு மரம் கட்டுங்கள்.
மைதாவை நீர்க்கக் காய்ச்சி மட்டையில் தெளித்தால்
கரி காய்ந்து செதில் செதிலாய் உதிரும்.
பத்தாவது வரி: பூச்சிமருந்து அடிக்காதீர்கள்.
பதினொன்று: ஒட்டுண்ணி வரும். காத்திருங்கள்.

ஒட்டுண்ணி.
நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு
இதுவரை யாரும்
நல்ல வேலை கொடுத்ததில்லை.
"நெகமத்து மச்சானைச் சொல்றீங்களா?"
என்று கேட்டுவிட்டு
வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

லென்சை அவர் கண்ணில் வைத்தேன்.
வெள்ளைக் கூடுகளுக்கு நடுவில்
கருத்துப்போன கூடு ஒன்று, கடுகில் கால்வாசி.
உள்ளே ஈயின் பிள்ளை இல்லை.
ஈயின் பிள்ளையைத் தின்று வளரும் குளவி.
மேலே வட்டமாய் ஓட்டை இருந்தால்
அது வேலைக்குக் கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.
அவர் எண்ணினார், உதடு அசைய.
எண்பதில் ஏழு.

"சரிங்க, இப்ப நான் என்ன பண்ணட்டும்?"

மூன்று போர் போட்டு
இரண்டில் புழுதி மட்டும் கண்ட மனிதர்.
அவரிடம் சும்மா இருங்கள் என்று சொல்லத்தான்
எனக்குச் சம்பளம்.

மாதக் கடைசி அறிக்கையில்
பரிந்துரைத்த மருந்து என்று ஒரு கட்டம்.
இல்லை என்று எழுதினேன்.
கட்டத்தை நிரப்பவும் என்று திரும்பி வந்தது.
மைதா என்று எழுதினேன்.
ஏற்றுக்கொண்டார்கள்.

அடுத்த முறை போனபோது
ரோட்டோர இரண்டு வரிசையில் மருந்து வாடை.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை,
பைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார்.
ஈ ஒரு வாரம் குறைந்ததாம், பிறகு பழையபடியாம்.
லென்சில் பார்த்தேன்.
அந்த வரிசைகளில் கருப்புக் கூடு ஒன்றுகூட இல்லை.
நான்தான் சொன்னேனே என்று சொல்லவில்லை.
உள் வரிசைகளும்
அப்படியொன்றும் தெளிந்துவிடவில்லை.
மழை வந்தால் தெரியும் என்றேன்.
மழை வரும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

அவர் ஒன்றும் சொல்லாமல்
உள் வரிசையில் விழுந்த மட்டையை இழுத்து
ஓலையைக் கத்தரியால் நறுக்கினார்.
கருப்புக் கூடு உள்ள துண்டுகளை மட்டும் எடுத்து
ரோட்டோர மரங்களில்
ரேஷன் கடைக்காரரிடம் கடன் வாங்கிய ஸ்டேப்ளரால்
ஒவ்வொன்றாய் அடித்தார்.
இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.
பதினோரு வரியிலும் இல்லை.

ஐப்பசியில் இரண்டு நாள் பெய்தது.
பொள்ளாச்சி பஸ் நடுப்புணிச் சாவடியில் நின்றபோது
ஜன்னல் வழியே பார்த்தேன்.
மொபெட்டின் முன்னால் சிமெண்ட் சாக்கு,
பக்கத்தில் லத்தியோடு ஒரு காவலர்.
"சாக்குல என்ன?"
"மருந்துங்க."
லத்தியால் கிளறிப் பார்த்தார் அவர்:
அழுக்கு ஓலைத் துண்டுகள்.
முகம் சுளித்து, போ என்று கையாட்டினார்.

நெகமம் ரோட்டில் மொபெட் திரும்பியது.
நான் கூப்பிடவில்லை.
பூச்சி தாக்கிய ஓலையை
எல்லை தாண்டி எடுத்துச் செல்லக் கூடாது என்று
சுற்றறிக்கையின் பின்பக்கம் இருக்கிறது.
பின்பக்கத்தை நான் இன்னும்
தமிழில் சொல்லவில்லை.